மேசையில் ஒரு தட்டு

ஜனவரி 9

அக்காவுக்கு,

வணக்கம் போட்டு ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த நாம் இரண்டு பேரும், வீட்டைப் பிரித்து நாங்கள் மாடிக்குப் போனதிலிருந்து முகம் கொடுத்துப் பேசியதில்லை. இப்போது திடீரென்று வணக்கம் என்றால் நாடகம் மாதிரி இருக்கும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்டை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆனால் வாயைத் திறக்கவே கூடாது, கிசுகிசுக்கக்கூட கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாக உங்கள் வீட்டுக்காரர் பெரியவர் சொன்னார். அதனால் போன் உதவாது. மெசேஜில் நீங்கள் ஒரு வரி அனுப்பினால் அது எனக்கு உத்தரவு மாதிரி தெரிகிறது. உங்களைப் பார்க்கப் பெரியவர் வாராவாரம் மகள் வீட்டுக்கு வருகிறாரே, அவர் சட்டைப்பையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவை என் தலையில் கட்டியிருக்கிறார் தலைமையாசிரியர். நான் கேட்டுப் போகவில்லை. அவரே ஆள் அனுப்பினார். "வீட்டுலயே ரெண்டு இங்கிலீஷ் டீச்சர் இருக்கும்போது நான் ஏம்மா வெளியில தேடணும்?" என்றார். நான் பாடம் எடுத்து எத்தனையோ காலம் ஆயிற்று என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது நீங்கள்தான் எனக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் என்னதான் சொல்லிக்கொடுத்தீர்கள்? பரீட்சைக்கு முன்னால் எல்லாவற்றையும் அடியிலிருந்து ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஒரு பத்தி டிக்டேஷன் கொடுத்தேன். நோட்டை வாங்கிப் பார்த்தால் மிளகைக் கொட்டியது போல் பக்கம் முழுக்கக் கமா! பெயர்ச்சொல்லுக்கு முன்னால் கமா, பின்னால் கமா, வாக்கியம் ஆரம்பிக்கும்போதே ஒரு கமா. ஒருத்தர் இரண்டு பேர் அல்ல, மொத்த வகுப்பும். ஓரிடத்தில் எல்லோருமே கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள், "மழை பெய்தது" என்ற வாக்கியத்துக்கு!

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. யாரைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டேன். கடைசி பெஞ்சில் ஒரு நெட்டைப் பையன் எழுந்து, "நீங்க போடச் சொன்ன இடத்துலதான் மிஸ் போட்டோம்" என்றான், கொஞ்சமும் கூசாமல். புது டீச்சரை ஆழம் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். எல்லோருக்கும் சைபர் போட்டு, மணி அடிக்கும் வரை நிற்க வைத்தேன். முன் வரிசையில் முணுமுணுவென்று பேசும் ஒரு பெண் இருக்கிறாளே, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றாள். வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என்ன மந்திரம் செய்து வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். எந்தப் பாடம் வரை முடித்தீர்கள் என்பதையும். கூடவே உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடியிலிருந்து,
சின்னவள்

*

ஜனவரி 16

சின்னவளே,

உன் கடிதத்தைப் படித்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிக்கவும் கூடாதாம், தொண்டை அதிருமாம். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். மகள் பயந்துபோய் ஓடி வந்தாள்.

முதலில் ஒன்று கேட்கிறேன். டிக்டேஷன் கொடுக்கும்போது நீ கையை எங்கே வைத்துக்கொள்வாய்? மேசை மேல்தானே? உன் விரலில் அந்தத் தடித்த மோதிரம் இருக்கிறதுதானே? யோசிக்கும்போது அதை வைத்து டொக் டொக்கென்று தட்டுவாயே, சமையலறை மேடையில் தட்டித் தட்டி என் உயிரை வாங்குவாயே, அதேதான். பிள்ளைகள் மேல் ஒரு தப்பும் இல்லை. நீதான் போடச் சொன்னாய்.

விஷயம் இதுதான். "கமா" என்று நான் வாயால் சொன்னால் பாதிப் பேர் அதையும் ஒரு வார்த்தையாக நினைத்து எழுத்துக்கூட்டி எழுதிவிடுவார்கள். சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கிழிந்தது. அதனால் சில வருஷங்களுக்கு முன்னால் வாயால் சொல்வதையே விட்டுவிட்டேன். மேசையில் ஒரு தட்டு தட்டினால் கமா. இரண்டு தட்டு முற்றுப்புள்ளி. மூன்று, கேள்விக்குறி. உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி, ஆச்சரியக்குறி. மேற்கோள் என்றால் நகத்தால் ஒரு கீறல். யாராவது பாடம் வாசிக்கும்போது எங்கே நிற்க வேண்டுமோ அங்கே தட்டுவேன், நிற்பார்கள். உலகத்தில் எல்லா டீச்சரும் இப்படித்தான் என்று அந்தப் பிள்ளைகள் நினைத்திருக்கும். நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது, அது பாட்டுக்குப் பழகிவிட்டது.

பாவம், எல்லோரையும் நிற்க வைத்தாயா? அந்த முணுமுணுப்புக்காரியையுமா? போய் அந்தச் சைபரை எல்லாம் அடி.

இங்கே என் பிழைப்பு நாறுகிறது. தண்ணீர் வேண்டுமென்றால் கரண்டியால் டம்ளரைத் தட்ட வேண்டியிருக்கிறது. மகள் நல்லவள்தான், ஆனால் என்னை ஊமை என்று நினைக்காமல் செவிடு என்று நினைத்துக் கத்திப் பேசுகிறாள். மருமகன் சீட்டில் எழுதிக் காட்டுகிறான். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று எழுதிக் காட்டினேன், அதற்கும் சீட்டிலேயே "சரி" என்று எழுதினான். அலுத்துப்போய் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.

பாடம் எல்லாம் முடிந்தது. திருப்புதல்தான் பாக்கி. நவுன், வெர்ப் என்று அடியிலிருந்து ஆரம்பி. பத்தி பிரிப்பது, மேற்கோள். கடைசியில் சிமிலி, மெட்டஃபர் என்று உவமை, உருவகம் வகையறா. கத்தாதே. கத்தினால் இரண்டு நாள் அடங்குவார்கள், மூன்றாம் நாள் உன் தொண்டைதான் போகும். என்னைப் பார்த்துக்கொள்.

பரீட்சைக்குள் வந்துவிடுவேன். அதுவரை என் வகுப்பைப் பத்திரமாக வைத்திரு.

வாய் பேசாதவள்

*

ஜனவரி 27

அக்காவுக்கு,

மோதிரத்தைக் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டு போனேன். அதே பத்தியைக் கொடுத்தேன். விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டியதும் அத்தனை பேனாவும் ஒரே நேரத்தில் கீழே இறங்கி ஏறியது. எனக்குப் புல்லரித்துவிட்டது, பொய் சொல்லவில்லை. சைபரையெல்லாம் அடித்துவிட்டேன். "மிஸ்ஸுக்கு உங்க பாஷை தெரியலப்பா" என்றேன். நெட்டையன் பெரிய மனது பண்ணி, "பரவால்ல மிஸ், பழகிடும்" என்றான்.

திருப்புதல் என்று நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு நாக்குத் தள்ளுகிறது. வெர்ப் என்றால் என்ன என்று ஐந்தாம் வகுப்பிலிருந்து கேட்டு வருகிறார்கள், இன்றைக்கும் கேட்டால் கூரையைப் பார்க்கிறார்கள். கரும்பலகையில் ஆணி ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது, எழுதினால் ஆடுகிறது. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக மூன்றாம் பெஞ்சில் விழுகிறது, அந்த வரிசை மொத்தமும் தூங்குகிறது. அவர்களைத் திட்ட எனக்கே தெம்பு இல்லை.

ஆனால் இலக்கியப் பகுதி வந்ததும் ஏதோ ஆயிற்று. பெர்சானிஃபிகேஷன் சொல்லிக்கொடுத்தேன். உயிரில்லாத ஒன்றை மனுஷன் மாதிரி சொல்லுங்கள் என்றேன். "இந்தப் போர்டு லீவு கேக்குது மிஸ்" என்றது முணுமுணுப்பு. வகுப்பே திரும்பிப் பார்த்தது. பிறகு ஐரனி. சொல்வது ஒன்று, நடப்பது அதற்கு நேர்மாறு என்று விளக்கினேன். நெட்டையன் கையைத் தூக்கி, "கத்தாதீங்கன்னு மிஸ் கத்துறாங்களே, அது ஐரனியா மிஸ்?" என்றான். நான் அதைப் போர்டில் எழுதினேன். இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அக்கா, ஒன்று சொல்லியாக வேண்டும். போன வாரம் தலைமையாசிரியர் கூப்பிட்டார். உங்கள் டாக்டர் ரிப்போர்ட் வந்திருக்கிறதாம். குரல் பழையபடி வராவிட்டால் உங்களை நூலகத்துக்கு மாற்றிவிட்டு, இந்த இடத்தை எனக்கே நிரந்தரமாகக் கொடுப்பதாகச் சொன்னார். "குரலே இல்லாம எப்படிம்மா கிளாஸ் எடுக்க முடியும்?" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நீங்கள் கோபப்படுவீர்கள். படுங்கள். எனக்கும் கேட்க ஒன்று இருக்கிறது. எனக்கு இதே பள்ளியில் வேலை கிடைத்திருந்த சமயம், கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, நீங்கள்தானே எழுந்து சொன்னீர்கள்? "அவளுக்கு வேலையெல்லாம் வேண்டாம், வீட்டுல இருந்து பிள்ளைங்கள பாத்துக்குவா." நான் பக்கத்திலேயே தண்ணீர்ச் செம்போடு நின்றேன். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? உங்கள் குரல் முன்னால் அந்த வீட்டில் யார் குரல் எடுபட்டது? இப்போது பிள்ளைகள் இரண்டும் காலேஜுக்குப் போய்விட்டன. காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு எங்காவது போக எனக்கு ஓர் இடம் இருக்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான்.

சின்னவள்

*

பிப்ரவரி 4

சின்னவளே,

நூலகமா? அந்தப் பூட்டின அலமாரிகளுக்கு நடுவில் என்னை உட்கார வைத்துத் தூசி தட்டச் சொல்கிறாரா அவர்?

தடை நீங்கிவிட்டது. நேற்று டாக்டர் பேசச் சொன்னார். வாயைத் திறந்தால் அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டுகிற சத்தம் வருகிறது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவ்வளவுதான் இனிமேல் வரும், ஒரு அறைக்குள் நாலு பேரிடம் பேசலாம், வகுப்பில் பேசினால் மிச்சம் இருப்பதும் போய்விடும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதற்காவது சத்தம் தேவைப்படவில்லை.

ஆனால் நான் யோசித்துவிட்டேன். நான் இல்லாத வகுப்பில் உன் மோதிரத்துக்கே அந்தப் பிள்ளைகள் கமா போட்டார்கள் என்றால், எனக்குக் குரல் எதற்கு? வாசிக்க ஒரு பிள்ளை, எழுதப் போர்டு, தட்ட ஒரு மேசை. போதும். தலைமையாசிரியரிடம் போய்ச் சொல். ஒரு நாள் வந்து பார்க்கச் சொல். நான் எழுதினால் ஏதோ வயிற்றெரிச்சலில் எழுதுகிறாள் என்பார். நீ சொன்னால் எடுபடும்.

கூடத்தில் நான் பேசியதைப் பற்றி எழுதியிருக்கிறாய். தப்பு என்று என்னை எழுத வைக்கலாம் என்று பார்க்காதே, எழுத மாட்டேன். அன்றைக்கு வீட்டில் கைக்குழந்தை ஒன்று, படுக்கையில் மாமனார் ஒருவர். யாராவது ஒருத்தி வீட்டில் இருந்தாக வேண்டும். உனக்குப் பேச வேண்டும் என்றிருந்தால் பேசியிருக்கலாம், நானா உன் வாயைக் கட்டினேன்?

அந்த வகுப்பு என்னுடையது. போய்ச் சொல்.

அக்கா

*

பிப்ரவரி 20

சின்னவளே,

கடிதத்தை உன் கையில்தான் கொடுத்ததாகப் பெரியவர் அடித்துச் சொல்கிறார். இரண்டு தடவை வெறுங்கையோடு வந்தார். "ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டால், "சாப்டீங்களான்னு கேட்டா" என்கிறார்.

அந்த வேலை உனக்கு வேண்டுமென்றால் வேண்டும் என்று எழுது. இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்காதே. வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இப்போது தெரியும்.

அக்கா

*

மார்ச் 2

அக்காவுக்கு,

வேண்டும். எனக்கு அந்த வேலை வேண்டும். போதுமா?

தட்டினால் போதும், குரல் வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றுவதற்கு முன்னாலேயே எனக்குத் தோன்றிவிட்டது. அத்தனை பேனாவும் ஒன்றாக இறங்கிய அன்றைக்கே. அதனால்தான் தலைமையாசிரியரிடம் மூச்சு விடவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகும் விடவில்லை. அரிசி டப்பாவுக்கு அடியில் அதை வைத்துவிட்டு, அடுப்படிக்குள் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமல் போனேன். நான் நல்லவள் என்று யாரும் எனக்குப் பட்டம் கொடுக்க வேண்டாம்.

வியாழக்கிழமை தலைமையாசிரியர் வகுப்பைப் பார்க்க வந்தார். என்னை நிரந்தரமாக்கும் முன்னால் ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். பின் பெஞ்சில் நெட்டையன் பக்கத்தில் உட்கார்ந்தார், முட்டி மேசையில் இடித்தது. நிறுத்தக்குறித் திருப்புதல். நான் பத்தியை வாசிக்க ஆரம்பித்தேன். முதல் கமாவுக்குத் தட்டினேன். பிள்ளைகள் எழுதினார்கள். இரண்டாவது தட்டு. தட்டும்போதெல்லாம் எனக்கு உங்கள் கைதான் ஞாபகம் வந்தது. வேறு ஒருத்தியின் சேலையைக் கட்டிக்கொண்டு விசேஷத்துக்குப் போய் நிற்கிற மாதிரி கூச்சமாக இருந்தது, அக்கா. யாராவது வந்து அவிழ்த்துவிடுவார்களோ என்று.

புத்தகத்தை முணுமுணுப்பிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் குரல் முதல் பெஞ்சைத் தாண்டாது என்று உங்களுக்குத் தெரியும். வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. நான் வாயே திறக்கவில்லை. தட்டினேன், கீறினேன், ஒரு இடத்தில் ஓங்கி அடித்தேன், தலைமையாசிரியர் துள்ளி விழுந்தார். மணி அடித்ததும் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "இது என்னம்மா வித்தை?" என்றார்.

"என்னோடது இல்ல சார். அக்காவோடது. குரல் இல்லாமயே அவங்களால இந்த கிளாஸ் எடுக்க முடியும், நீங்களே இப்ப பாத்தீங்கல்ல" என்றேன்.

அவர் நோட்டை மூடி வைத்தார். "அப்ப உனக்கு வேலை இல்லையேம்மா" என்றார். தெரியும் சார் என்றேன்.

திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் வரலாம். உத்தரவு தனியாக வரும். நான் சந்தோஷமாகச் செய்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் வந்து, "ஏன் இங்க உக்காந்திருக்க?" என்று கேட்டார். களைப்பாக இருக்கிறது என்றேன். உண்மையிலேயே களைப்புதான்.

போர்டில் ஆணி அடித்தாயிற்று. மூன்றாம் பெஞ்சை நிழலுக்குத் தள்ளிப் போட்டிருக்கிறேன். மெட்டஃபர் இன்னும் பாதிப் பேருக்குக் குழப்பம். நெட்டையனைத் திட்டாதீர்கள், அவனிடம் கேள்வி கேளுங்கள். முணுமுணுப்பை வாசிக்கவிடுங்கள்.

சின்னவள்

*

மார்ச் 14

சின்னவளே,

நீ மாடியில் இருக்கிறாய், நான் கீழே இருக்கிறேன். நடுவில் ஒரு படிக்கட்டுதான். ஏறி வந்து சொல்லலாம். என் சத்தத்தை நீ இன்னும் கேட்கவில்லை, கேட்டால் உன் முகமும் மகள் முகம் மாதிரி திரும்பிக்கொள்ளும். அதனால் எழுதிப் பெரியவரிடமே கொடுக்கிறேன். "இதுக்குமா நானு?" என்று முனகிக்கொண்டே ஏறி வருவார், ஒரு டீ போட்டுக் கொடு.

இலக்கணத் திருப்புதல் வண்டி மாதிரி ஓடியது. முதல் நாள் மேசையில் தட்டியதும் ஒருத்தரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார்கள். நான் எங்கும் போகாத மாதிரி. எனக்கு அது போதும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை இலக்கியப் பகுதி. பாடப்புத்தகக் கவிதையை முணுமுணுப்பு வாசித்தாள். மெட்டஃபர் எங்கே இருக்கிறது என்று போர்டில் எழுதிக் கேட்டேன். கூரையைப் பார்த்தார்கள். விளக்கத்தை எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கை கடுத்தது. கடைசியில் நெட்டையன் எழுந்து, "மிஸ், கோச்சுக்காதீங்க. சின்ன மிஸ் சொல்லும்போது எங்களுக்குக் கண்ணுல தெரிஞ்சுது" என்றான். எனக்குச் சுருக்கென்றது. உட்காரச் சொல்லி இரண்டு தட்டு தட்டினேன். உட்கார்ந்தான். உட்கார்ந்தாலும் அவன் சொன்னது சரிதானே? எங்கே நிற்க வேண்டும் என்றுதான் தட்டிக் காட்ட முடிகிறது. நெஞ்சில் ஏறுகிற மாதிரி ஒன்றைச் சொல்ல மனுஷக் குரல் வேண்டியிருக்கிறது. என் குரல் அதற்கு உதவாது. உன் குரல் உதவுகிறது.

நேற்றுத் தலைமையாசிரியரிடம் போனேன். இலக்கணமும் எழுத்தும் எனக்கு, பாடமும் கவிதையும் உனக்கு, பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். கேட்டேன் என்பது பெயருக்குத்தான். பாதி வாக்கியத்திலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் எழுந்து எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, "நீங்க சிரமப்படாதீங்கம்மா, போய் ரெஸ்ட் எடுங்க" என்றார். அந்தக் காலத்தில் வீட்டில் நான் வாயைத் திறந்தால் வாசலில் போகிறவன் நிற்பான். இங்கே ஒரு மனுஷன் என்னைப் பாதியில் எழுப்பி அனுப்பிவிட்டான். வெளியே வந்து தாழ்வாரத்து பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். செம்போடு நீ நின்றது அப்போதுதான் கண்ணில் பட்டது. இதற்கு மேல் என்னை எழுத வைக்காதே.

திங்கட்கிழமை முதல் மணிக்கு முன்னால் நீ என்னோடு அவர் அறைக்கு வருகிறாய். உனக்கு என்ன வேண்டும் என்று உன் வாயால் நீயே சொல்கிறாய். எனக்கு என்ன வேண்டும் என்பதையும் நீதான் சொல்ல வேண்டும், எனக்கு வேறு வழியில்லை. நான் குறுக்கே பேச மாட்டேன். பேசவும் முடியாது.

உனக்கு நடுவில் நாக்குக் குழறும், எனக்குத் தெரியும். பயப்படாதே, பக்கத்திலேயே நிற்பேன். அவர் மேசையில் ஒரு தட்டு தட்டுவேன். மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்து சொல். எல்லாவற்றையும் சொல்லி முடி. நீ முடித்த பிறகுதான் இரண்டு தட்டு தட்டுவேன்.

அக்கா